ரிப்பேருன்னா யாரு வருவா?

1998 ஆவணியில் ஒரு நாள் காலை, சௌந்தரபாண்டியன் தன் வெள்ளை அம்பாசிடரை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிறுத்திவிட்டு, மாடிப்படி ஏறி கிருபாபாயின் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார். வழக்கமாக ஆள்தான் அனுப்புவார். அவரே ஏறி வந்தது அதுதான் முதல் தடவை.

ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் போகிற ரோட்டில் அவருக்கு பேண்டேஜ் துணி ஃபாக்டரி இருந்தது. காயத்துக்குச் சுற்றுகிற துணியும் ஆபரேஷனில் ரத்தம் ஒற்றுகிற மெல்லிய வலைத்துணியும் அங்கே நெய்து, வெளுத்து, நீராவியில் கிருமி போக்கி, தூத்துக்குடியில் கப்பலேற்றுவார்கள். பாதிக்குமேல் ஜெர்மனிக்குப் போகும்.

"ஜெர்மன்காரன் புதுசா ஒண்ணு கேக்கான் தாயி" என்றார் உட்கார்ந்ததும். "நம்ம சரக்கு எங்க நிக்கி, எந்த லாட்டுக்கு நீராவி வச்சாச்சு, அதுக்கு சர்டிபிகேட் எங்க, எல்லாத்தையும் அவன் ஊர்ல உக்காந்தே இண்டர்நெட்ல பாக்கணுமாம். திருப்பூர்ல ஒருத்தன் குடுத்துட்டானாம். பொங்கலுக்குள்ள நாமளும் குடுக்கலேன்னா ஆர்டர அங்க மாத்திருவேங்கான். உங்களால முடியுமா?"

கிருபாபாய் நம்பியைப் பார்த்தாள். நம்பி தலையாட்டினான். "முடியும் அண்ணாச்சி" என்றாள் கிருபாபாய்.

சென்டர் அவர்கள் இருவருடையது. கிருபாபாய்க்கு முப்பத்திரண்டு வயது. கணவர் ஞானதுரை வத்திராயிருப்பில் பள்ளிக்கூட வாத்தியார். நம்பி அவளைவிட ஏழெட்டு வயது இளையவன். பகலில் இருவரும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பார்கள். வகுப்பு இல்லாத நேரத்தில் கடைகளுக்கும் மில்களுக்கும் புரோகிராம் எழுதுவார்கள். மதுரைக்கு டயல் செய்து இண்டர்நெட் பிடிக்கிற மோடம் ஒன்று வைத்திருந்தார்கள். ஊரில் அது இருந்த ஒன்றிரண்டு இடங்களில் அவர்கள் சென்டரும் ஒன்று.

சௌந்தரபாண்டியன் போன பிறகு தகராறு தொடங்கியது. சத்தமில்லாத தகராறுதான். ஆனால் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

வேலை என்னவோ ஒன்றுதான். ஜெர்மனியிலிருந்து ஒருவன் கேட்கும்போதெல்லாம், எங்கோ இருக்கிற சர்வர் ஃபாக்டரியின் விவரத்தை எடுத்து அந்தக் கணத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதுவதற்கு சர்வரில் ஒரு மொழி வேண்டும். அந்த மொழி எது என்பதுதான் கேள்வி. நம்பி ஏ.எஸ்.பி. என்றான். பெரிய கம்பெனி விற்கிற சர்வரோடு வருவது. கிருபாபாய் பி.ஹெச்.பி. என்றாள். அது அப்போதுதான் மூன்றாம் பதிப்பாக வந்திருந்தது. யாரும் விற்பதில்லை, எழுதியவர்கள் அதை இயக்குகிற உள்ளெழுத்து முழுவதையும் திறந்து போட்டிருந்தார்கள். வேண்டியவன் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்.

கிருபாபாய்க்குச் சூடு பட்ட அனுபவம் இருந்தது. கல்யாணமான புதிதில் வத்திராயிருப்பு நெல் மண்டி ஒன்றுக்குக் கொள்முதல் கணக்கு முழுவதையும் விலைகொடுத்து வாங்கிய ஒரு மொழியில் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த மொழியை விற்ற கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. வாங்கியவன் மொழியைக் கைவிட்டான். மண்டிக்காரர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது அவள் எழுதிய எதுவும் அதில் ஓடவில்லை. எழுதியது அவளுடையதுதான், ஆனால் அது குடியிருந்த வீடு வேறொருவனுடையது. வீட்டுக்காரன் பூட்டிவிட்டுப் போய்விட்டான்.

நம்பியின் கதை வேறு. அவன் அப்பா ஆண்டாள் கோவிலில் கைங்கர்யம் செய்கிறவர். அவர் வாய் திறந்தால் கோபுர வாசல்வரை கேட்கும். மகனுக்கோ பேச்சு திக்கும். தெரியாதவர்கள் முன்னால் இன்னும் திக்கும். படித்து முடித்துச் சென்னையில் ஒரு இண்டர்வியூவுக்குப் போனான். அவன் ஒரு வார்த்தையில் நின்றுகொண்டிருந்தபோது எதிரே இருந்தவர் பொறுமையிழந்து அந்த வாக்கியத்தைத் தானே முடித்தார். தப்பாக முடித்தார். நம்பி சொல்ல வந்தது அதுவல்ல என்று சொல்லத் தொடங்குமுன் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மதுரைக்குப் போய் ஏ.எஸ்.பி. விற்கிற பெரிய கம்பெனி நடத்துகிற சர்டிபிகேட் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதினான். கம்ப்யூட்டரே கேள்வி கேட்கும், விரலால் பதில் சொல்லலாம். எல்லாவற்றிலும் தேறினான். சர்டிபிகேட்டுகளைச் சட்டம் போட்டு சென்டர் சுவரில் மாட்டியிருந்தான். யாராவது உள்ளே வந்தால் அவன் பேசுமுன் அது பேசிவிடும்.

"அந்த ம... மொழியில எழுதினா, நாளைக்கு யாரு வேணா வேலைக்கு எடுப்பான்க்கா" என்றான். "ஞாயித்துக்கெழம பேப்பரப் பாருங்க. பி.ஹெச்.பி.ன்னு ஒரு வெளம்பரம் கா... காட்டுங்க பாப்போம்."

அவளால் காட்ட முடியவில்லை. பேப்பரில் அப்படி ஒன்று வந்ததில்லை.

கடைசியில் இருவரும் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிப் போய், விஷயத்தைச் சௌந்தரபாண்டியனிடமே வைத்தார்கள். ஆர்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிற பரிபூரணமும் அறையில் இருந்தாள். தினமும் அந்தப் பக்கத்தில் விவரம் ஏற்றப்போகிறவள் அவள்தான். சௌந்தரபாண்டியன் இருவரும் சொன்னதைக் கேட்டார். பாதி புரிந்திருக்காது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"நான் தறி வாங்கினாலும் சரி, பாய்லர் வாங்கினாலும் சரி, ஒண்ணுதான் கேப்பேன். ரிப்பேருன்னா யாரு வருவா?"

"க... கம்பெனி" என்றான் நம்பி.

"நான் வருவேன் அண்ணாச்சி" என்றாள் கிருபாபாய்.

"நீ இல்லேன்னா?"

"உலகம் பூரா இத எழுதுற ஆளுக இருக்காக. கேட்டா பதில் சொல்லுவாக."

"சம்பளம் இல்லாமலா?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் சிரித்துவிட்டார். ஏளனமாக இல்லை. "சம்பளம் வாங்காம வாரவன நான் எப்படித் தாயி திட்டுறது? வேணாம். தம்பி சொல்லுததே இருக்கட்டும்."

பஸ்ஸில் திரும்பும்போது கிருபாபாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. தோற்றது தோற்றதுதான், வேலை நன்றாக நடக்க வேண்டும். பஸ் நகர்ந்ததும் எந்த விவரத்தை எந்த டேபிளில் வைப்பது என்று நம்பியிடம் பேசத் தொடங்கிவிட்டாள்.

வேலை நன்றாகவே நடந்தது. நம்பிக்கு அந்தக் கருவிகள் கைவந்திருந்தன. பக்கங்கள் சுத்தமாக இருந்தன, வேகமாக வந்தன. ஒன்றே ஒன்று இடித்தது. ஸ்கேன் செய்த சர்டிபிகேட்டை சர்வரில் ஏற்றுவதற்கு அந்த மொழியில் அப்போது தனி வசதி இல்லை. வெளிநாட்டுச் சின்னக் கம்பெனி ஒன்று விற்ற உதிரிப் பாகத்தை வாங்கி மாட்ட வேண்டியிருந்தது. அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது. நம்பி அதை மாட்டினான். அது வேலை செய்தது. கார்த்திகை முடிவதற்குள் ஜெர்மன்காரன் தன் ஊரில் உட்கார்ந்து சோழபுரம் ரோட்டுத் துணியைப் பார்த்தான். பாராட்டி ஃபேக்ஸ் அனுப்பினான். சௌந்தரபாண்டியன் சென்டருக்கு ஒரு பெட்டி பால்கோவா கொடுத்தனுப்பினார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பால்கோவா அனுப்புகிற ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்கும் என்று கிருபாபாய் சிரித்தாள்.

மாசியில் எல்லாம் கெட்டது.

சர்வரை வைத்திருந்த சென்னைக் கம்பெனி, முன்னறிவிப்பு இல்லாமல் புது மெஷினுக்கு மாறியது. மற்றப் பக்கங்கள் ஓடின. அந்த உதிரிப் பாகம் மட்டும் புது மெஷினில் புதுச் சாவி எண் கேட்டு நின்றுவிட்டது. அதன் வழியாக ஏற்றிய சர்டிபிகேட் ஒன்றுகூடத் திறக்கவில்லை. நம்பி விற்றவர்களுக்கு எழுதினான். அனுப்பிய ஈமெயில் திரும்பி வந்தது. அந்தக் கம்பெனியை யாரோ வாங்கி, அந்தப் பொருளையே மூடிவிட்டார்கள். பெரிய கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டால், அது தங்கள் பொருள் இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

அதே நேரத்தில் ஒரு கண்டெய்னர் ஜெர்மனித் துறைமுகத்தில் இறங்கியிருந்தது. வாங்குகிறவன் சர்டிபிகேட்டைப் பார்க்காமல் சரக்கைக் கிடங்கில் ஏற்றமாட்டான். ஈமெயிலில் அவ்வளவு பெரிய ஃபைல் போகவில்லை. ஃபேக்ஸில் அனுப்பினால் முத்திரை வெறும் கறுப்புத் தீற்றலாகத் தெரிந்தது. கொரியர் போய்ச் சேருவதற்குள் அடுத்த ஆர்டரில் பாதியை அவன் திருப்பூருக்குக் கொடுத்துவிட்டான்.

சௌந்தரபாண்டியன் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை அறையில் பரிபூரணத்தோடு இரண்டு சூப்பர்வைசர்களும் இருந்தார்கள்.

"சொல்லுங்க தம்பி" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. "அன்னைக்கு நான் ஒண்ணு கேட்டேன். நீங்க ஒண்ணு சொன்னீங்க. இப்ப யாரு வருவா?"

நம்பி வாய் திறந்தான். முதல் எழுத்து உதட்டில் வந்து நின்றது. அதற்குமேல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சூப்பர்வைசர் உதவி செய்கிறவர்போல "கம்பெனிதான்!" என்று எடுத்துக் கொடுத்தார். மற்றவர் சிரித்துவிட்டார்.

கிருபாபாய் எழுந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இது நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச வேல. அந்தப் பாகத்த மாட்டும்போது நானும் பக்கத்துலதான் இருந்தேன். உங்களுக்கு நட்டம், எம்புட்டுத் திட்டணுமோ அம்புட்டும் திட்டுங்க, ரெண்டு பேரையும் சேத்துத் திட்டுங்க. ஆனா ஒருத்தர் பேசும்போது அவர் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் சிரிக்கக் கூடாது."

சௌந்தரபாண்டியன் சூப்பர்வைசர்களைத் திரும்பிப் பார்த்தார். "போய் வேலயப் பாருங்கலே" என்றார். அவர்கள் வெளியே போனார்கள். ஆனால் அவர்களுக்கு முன்பே நம்பி எழுந்து வெளியே போயிருந்தான். கிருபாபாய் வாசலுக்கு வந்து பார்த்தபோது அவன் ரோட்டோரம் வெயிலில் நடந்துகொண்டிருந்தான். கூப்பிட்டாள். திரும்பவில்லை.

மறுநாள் அவன் சென்டருக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வாரக் கடைசியில் கிருபாபாய் கோவில் பக்கத்துத் தெருவில் இருந்த அவன் வீட்டுக்குப் போனாள். அவன் அம்மா ஜயலக்ஷ்மி கதவைத் திறந்தாள்.

"வாங்கோ. அவன் இல்லையே. காலம்பற எழுந்ததும் சைக்கிள எடுத்துண்டு திருவண்ணாமலைக்குப் போயிடறான். மத்தியானம்தான் வரான். எங்களோட ஒரு வார்த்தை பேசறதில்லை. என்னாச்சுன்னு நீங்களாவது சொல்லுங்கோளேன்."

"வேலயில ஒரு சின்ன தகராறு மாமி. நான் பேசுதேன்."

வடக்கே இருக்கிற பெரிய திருவண்ணாமலை அல்ல, இது ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சின்ன மலை, உச்சியில் பெருமாள் கோவில். புரட்டாசிச் சனிக்கிழமையானால் கால் வைக்க இடமிருக்காது. மாசி மாதத்தில் ஆளரவமே இல்லை. கிருபாபாய் மேலே ஏறவில்லை. அடிவாரத்துக் குளக்கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தாள். படியிறங்கி வந்த நம்பி அவளைப் பார்த்ததும் தயங்கி, பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீங்க சொன்னதுதான் ச... சரியாப் போச்சுக்கா" என்றான்.

"அதச் சொல்ல வரல நம்பி. நான் சொன்னதும் முழுசா சரியில்ல. 'நீ இல்லேன்னா யாரு வருவா'ன்னு அண்ணாச்சி கேட்டாரே, எங்கிட்ட பதில் இருந்துச்சா? உலகம் பூரா ஆளு இருக்குன்னேன். அவுக யாரும் ராஜபாளையத்துக்கு வரமாட்டாகல்லா?"

அவன் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும். வீட்ல இன்னும் யாருக்கும் சொல்லல, எங்க வீட்டுக்காரவுக ஒருத்தருக்குத்தான் தெரியும். ஆவணில எனக்குப் பிரசவம்."

நம்பி திரும்பினான். கிருபாபாயும் ஞானதுரையும் அந்தச் செய்திக்காக எத்தனை டாக்டர்களிடம் போனார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவன் முகம் அந்த வாரத்தில் முதல்முறையாக மலர்ந்தது.

"கவனமாத்தான் இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. கடைசி மூணு மாசமும் பொறவு கொஞ்ச நாளும் நான் வரமாட்டேன். இப்ப நான் மட்டும் பி.ஹெச்.பி.ல எழுதி வச்சா, நான் இல்லாதப்ப அதுவும் பூட்டின பெட்டிதான். நீயும் கத்துக்கிட்டு எழுதுனாத்தான் அண்ணாச்சிகிட்ட போய்ப் பேச எனக்கு வாய் வரும்."

நம்பி கேட்டான். "அப்ப என் ச... சர்டிபிகேட்டு?"

"சொவத்துல இருக்கட்டும். அதுக்காகப் படிச்சியே, விவரத்த எப்படிப் பிரிச்சு வைக்கணும், எப்படிக் கேட்டு எடுக்கணும்னு, அது இந்த மொழிக்கும் அதுதானே? உன் படிப்ப எவனும் மூட முடியாது."

அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை வகுப்புக்கு வந்துவிட்டான்.

முதல் சில வாரங்கள் இருவருக்குமே கஷ்டம். "எல்லாப் பேருக்கும் முன்னாடி டாலர் குறி போடச் சொல்லுதானே, எதுக்கு?" என்று எரிந்து விழுவான். முன்பெல்லாம் கருவியே தப்பைச் சுட்டிக் காட்டும். இங்கே அரைப்புள்ளி ஒன்று விட்டுப்போனால் வெள்ளைப் பக்கம் வந்து நிற்கும். கையேட்டில் பாதி இடத்தில் 'இது இன்னும் எழுதப்படவில்லை' என்று இருந்தது. ஓசியில் வந்த சாமானுக்குக் கைப்பிடியே இல்லை என்று அலுத்துக்கொண்டான். கிருபாபாய் மறுக்கவில்லை. உண்மைதான். ஆனால் சர்டிபிகேட் ஏற்றுகிற வசதி அந்த மொழிக்குள்ளேயே இருந்தது. வெளியே எவனிடமும் வாங்கத் தேவையில்லை. அதைப் பார்த்தபோது நம்பி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. ராஜபாளையத்து லைனில் பெரிய ஸ்கேன் ஃபைலை ஏற்றினால் பாதியில் அறுந்தது. ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது என்று சர்வர் தானாகவே நிறுத்திக்கொண்டது. கிருபாபாய் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள்.

"குழுவுக்கு எழுதிக் கேளு" என்றாள்.

அந்த மொழியைப் பயன்படுத்துகிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் ஈமெயிலில் பேசிக்கொள்கிற குழு அது. கிருபாபாய் அதில் எழுதியிருக்கிறாள், நம்பி எழுதியதில்லை. ஒரு முழுக் காலை அந்த ஆங்கிலக் கடிதத்தை எழுதி எழுதித் திருத்தினான். அனுப்பினான். மறுநாள் லைன் பிடித்தபோது இரண்டு பதில் வந்திருந்தது. ஒருவன் 'முதலில் கையேட்டைப் படித்துவிட்டு வா' என்று ஒரு வரியில் விரட்டியிருந்தான். நம்பியின் காது சிவந்தது. இரண்டாவது பதில் நார்வேயிலிருந்து. அவன் நம்பியின் கேள்வியை வரிவரியாக எடுத்து, எந்த அளவை எங்கே கூட்ட வேண்டும், சர்வர்காரன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஃபைலை எப்படித் துண்டு போட்டு அனுப்பலாம் என்று எழுதியிருந்தான். கடைசியில் அவனே நம்பியிடம் ஒன்று கேட்டிருந்தான்: 'நீ ஏ.எஸ்.பி.யிலிருந்து வந்தவன் என்கிறாய். அங்கே இதற்கு எப்படிச் செய்வீர்கள்?'

நம்பி அதை இரண்டு தடவை படித்தான். பிறகு பதில் எழுத உட்கார்ந்தான். நீளமாக எழுதினான்.

அதிலிருந்து அவன் தினமும் குழுவைப் படித்தான். யாரோ ஒரு பிரேசில்காரன் அவனைப்போலவே அந்த மொழியிலிருந்து இந்த மொழிக்கு மாறத் திண்டாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு வழி சொன்னான். ஒருநாள் வகுப்பு முடிந்து உள்ளே வந்த கிருபாபாய், அவன் திரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

"என்னல?"

"அந்த நா... நார்வேக்காரன் ஒரு ஜோக்கு எழுதிருக்கான்க்கா. நான் பதிலுக்கு ஒண்ணு விட்டேன். இப்ப மூணு நாட்டுக்காரன் சேந்து அடிச்சுக்கிடுதான்."

அங்கே அவன் திக்குகிறவன் என்று யாருக்கும் தெரியாது. விரல் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம் அவன் பேச்சு. கிருபாபாய் டீ ஊற்றி அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

சித்திரையில் இருவரும் மறுபடி ராஜபாளையம் போனார்கள். பரிபூரணத்தை விட்டே புதுப் பக்கத்தில் ஒரு சர்டிபிகேட்டை ஏற்றச் சொன்னார்கள். லைன் நடுவில் ஒருமுறை அறுந்தது. மறுபடி டயல் செய்ததும் விட்ட துண்டிலிருந்து தொடர்ந்தது. "இது நல்லாருக்கு அண்ணாச்சி" என்றாள் பரிபூரணம். "முன்னால அறுந்துச்சுன்னா மொதல்ல இருந்து ஏத்தணும். எனக்கு அதுலயே பாதி நாள் போயிரும்."

சௌந்தரபாண்டியனுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. "சும்மா குடுக்கான்னா அதுல என்னமோ இருக்கு. எனக்கு ஒரு மொழம் துணி சும்மா குடுக்க மனசு வருமா? சரி, அது கெடக்கட்டும். நீயும் மாசமா இருக்க. பழைய கேள்வியத்தான் கேக்கணும். ரிப்பேருன்னா யாரு வருவா?"

கிருபாபாய் வாயெடுத்தாள். நம்பி கையைக் காட்டி நிறுத்தினான்.

"நா... நான் வருவேன்" என்றான். நின்றான். மூச்சு இழுத்துக்கொண்டான். சௌந்தரபாண்டியன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மெதுவாச் சொல்லுங்க தம்பி. எனக்கு இப்ப வேல ஒண்ணும் இல்ல."

நம்பி சொன்னான். சொல்லி முடிக்க வெகுநேரமாயிற்று. தானும் இல்லை என்றாலும் எழுதியது முழுவதும் ஃபாக்டரிக் கம்ப்யூட்டரிலேயே ஒரு பிரதி இருக்கும் என்றான். மொழியின் உள்ளெழுத்தும் இருக்கும். தங்கள் இருவரையும் பிடிக்கவில்லை என்றால் மதுரையிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டுத் திறந்து காட்டலாம். எந்தக் கம்பெனி மூடினாலும் இது மூடாது. "கெடவே கெடாதுன்னு சொ... சொல்லமாட்டேன் அண்ணாச்சி. போன தடவ கம்பெனி வரும்னு சொன்னதுதான் தப்பு. கெட்டா உள்ள எ... எறங்கிப் பாக்கலாம். அதுக்குத்தான் இது."

யாரும் வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. அவன் முடித்ததும் சௌந்தரபாண்டியன் மோவாயைத் தடவிக்கொண்டார்.

"அப்படின்னா ஒண்ணு செய்யுங்க. மூணாவதா ஒருத்தன் வந்து பாத்தா அவனுக்கு வெளங்குற மாதிரி எழுதி வைங்க. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சா போதாது. பழசு ஓடுற வரைக்கும் ஓடட்டும். இது ரெண்டு மாசம் பக்கத்துலயே ஓடட்டும். பொறவு பாப்போம்."

ரெண்டு மாசம் பக்கத்திலேயே ஓடியது. ஆனியில் பழையதை நிறுத்தினார்கள். திருப்பூருக்குப் போன பாதி ஆர்டர் திரும்பி வரவில்லை. ஆனால் இருக்கிற பாதியும் போகாமல் நின்றது. ஹாலந்துக்காரன் ஒருவன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் புதிதாக விசாரித்திருப்பதாகப் பரிபூரணம் சொன்னாள்.

கிருபாபாய் வைகாசியிலிருந்தே வீட்டில் படுத்தபடி இருந்தாள். ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த நம்பி, குழந்தையை வாங்கத் தெரியாமல் கையை நீட்டி நீட்டி மடக்கினான். சென்டரில் என்ன விசேஷம் என்று அவள் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றான். பிறகுதான் ஞானதுரை மூலம் தெரிந்தது: சர்வர்காரன் மறுபடி மெஷினை மாற்றியிருந்தான். பக்கம் காலையில் நின்று, மத்தியானத்துக்குள் ஓடியிருந்தது. நம்பி அவளுக்குச் சொல்லியனுப்பவில்லை.

"எனக்கு ஏன் சொல்லல?" என்று அடுத்த தடவை கேட்டாள்.

"பச்சப் பிள்ளைக்காரிய எதுக்கு எ... எழுப்பணும்னுதான்" என்றான்.

ஐப்பசியில் குழுவிலிருந்து அவனுக்குத் தனியாக ஓர் ஈமெயில் வந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனி. அவர்களிடம் இருந்த பக்கங்கள் எல்லாம் ஏ.எஸ்.பி.யில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக மாற்றுவதற்கு இரண்டு மொழியும் தெரிந்த ஆள் வேண்டும். குழுவில் நம்பி எழுதியவற்றைப் படித்துவருகிறோம், போனில் பேசலாமா என்று கேட்டிருந்தார்கள்.

நம்பி அதை எடுத்துக்கொண்டு கிருபாபாயின் வீட்டுக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"எ... எழுத்துலயே கேள்வி கேளுங்கன்னு சொல்லிப் பாக்கவாக்கா?"

"கேட்டுப் பாக்கலாம். ஒத்துக்கிடவும் செய்வாக. ஆனா வேலைக்குப் போன பொறவு பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட பேசணும்லா? முன்னாலயே சொல்லிரு. இப்படி எனக்குப் பேச்சு திக்கும், செத்த நேரம் பொறுத்துக் கேக்கணும்னு. கேக்க மாட்டேன்னா அந்த வேல நமக்கு வேண்டாம்."

அவன் அப்படியே எழுதினான். 'உங்களுக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பதில் வந்தது.

சென்டர் போனுக்கு அழைப்பு வருவதாக ஏற்பாடு. அன்று காலை வகுப்பில்லை. கிருபாபாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். போன் மணி அடித்ததும், நம்பி பேசுவது தன் காதில்கூட விழக் கூடாது என்று எழுந்து, கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்கள் வந்து வந்து போயின. குழந்தை அழுதது, தோளில் போட்டுத் தட்டினாள், தூங்கிற்று. எதிர்க் கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வெயில் நிழலைத் தின்றுகொண்டு அவள் காலடிவரை வந்துவிட்டது. இவ்வளவு நேரமாகப் பேசுகிறானா, அல்லது எப்போதோ முடிந்து உள்ளேயே உட்கார்ந்திருக்கிறானா என்று தெரியாமல் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. நம்பி படியிறங்கி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இம்புட்டு நேரமா பேசுன?"

"ஆமாக்கா. மூணு பேரு. நான் நி... நின்னப்பல்லாம் அவங்களும் நின்னாங்க."

"கடைசில என்ன கேட்டாக?"

"எப்ப வருவீங்கன்னு கே... கேட்டாங்க."

கிருபாபாய்க்குச் சட்டென்று கண் கலங்கியது. தோளில் குழந்தை இருந்ததால் துடைக்கக் கை இல்லை.

"அங்க குளுருமாம்லா" என்றாள். "மொதல்ல உங்க அம்மாகிட்ட போய்ச் சொல்லு. சாயங்காலம் ராஜபாளையம் போயி ஒரு ஸ்வெட்டர் வாங்குவோம். அப்படியே அண்ணாச்சியையும் பாத்துச் சொல்லிட்டு வந்துருவோம்."